கல்லும் கடைவீதியும்

நுழையும்முன்

ஓர் ஊரைக் காணச் செல்வோர் இரண்டு செயல்களைத் தவறாமல் செய்கின்றனர். ஒன்று, சுற்றிப் பார்த்தல். மற்றொன்று, ஊரின் நினைவாக ஏதேனும் ஒரு பொருளை வாங்கி வருதல். முன்னதைக் கலை என்றும் பின்னதை வணிகம் என்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். மாமல்லபுரத்தில் இப்பிரிவு பொருந்துவதில்லை. அங்குக் காலையில் நாம் வியந்து பார்ப்பதும் மாலையில் விலை கேட்பதும் உளிபட்ட கல்லையே. பார்க்கத் தெரிந்தவருக்கே வாங்கவும் தெரியும் என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

ஆற்றுப்படுத்தும் மரபு

பயணத்திற்கு வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தவர்கள் தமிழர்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையுடன் எதிர்வரும் மற்றொரு கலைஞருக்குச் செல்லும் வழியையும் தங்கும் ஊரையும் கிடைக்கும் உணவையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. பயணத்தால் பயன்பெற்றவர் அடுத்தவருக்கும் அப்பயன் கிடைக்கச் செய்ய வேண்டும் என்னும் அறமே அதன் உயிர்.

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றினார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் அந்நூலில் நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறை பேசப்படுகிறது. அங்கு மரக்கலங்கள் வந்து நிற்பதையும், கடலில் வருவோருக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் விளக்கேற்றப்படுவதையும் புலவர் காட்டுகிறார். அக்கடற்றுறை மாமல்லபுரமே என்பது அறிஞர் சிலரின் கருத்து. அம்மரபை ஒட்டி, இரண்டு நாள் பயணமாக நாமும் அவ்வூருக்குச் சென்று வருவோம்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் மாமல்லபுரத்தை அடையலாம். சென்னையிலிருந்து வருவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி வருவர். கடற்கரையை ஒட்டிய ஒத்தவாடைத் தெருவில் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் துணிக்கடைகளும் நெருங்கி அமைந்துள்ளன. அங்குத் தங்குபவர், பார்க்க வேண்டிய இடங்கள் பலவற்றுக்கு நடந்தே செல்லலாம்.

கடற்கரையில் காலைப்பொழுது

முதல் நாள் கதிரவன் எழும் வேளையில் கடற்கரைக் கோயிலுக்குச் செல்வது நன்று. இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன், பொ.ஆ. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் இது. பாறையைக் குடைந்து கோயில் அமைத்த பல்லவர், வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டுமானக் கோயில் எழுப்பும் நிலைக்கு வளர்ந்ததற்கு இது சான்று. இரண்டு சிவன் கருவறைகளும், அவற்றிற்கு இடையே பாறையில் பள்ளிகொண்ட திருமாலின் உருவமும் இங்கு உள்ளன.

உப்புக்காற்று இக்கோயிலின் சிற்பங்களை ஓயாது அரித்து வந்துள்ளது. அதனைத் தடுக்கவே அலைதடுப்புக் கற்கள் கொட்டப்பட்டன. சவுக்கு மரங்கள் வளர்க்கப்பட்டன. கண், மூக்கு என்னும் கூர்மைகள் தேய்ந்து, உருவத்தின் சாயல் மட்டும் எஞ்சிய சிற்பங்கள் பலவற்றை இங்குக் காணலாம். கல்லும் அழியக்கூடியதே என்னும் உண்மையை நாம் முதலில் அறிவது இங்குத்தான்.

அழிப்பதாகக் கருதப்படும் கடல், சில வேளைகளில் மறைந்திருந்ததை வெளிப்படுத்தவும் செய்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை, இக்கடற்கரையின் மணலைப் பெயர்த்துப் புதைந்திருந்த சிற்பங்களைக் காட்டியது. அதன்பின் ஊருக்கு வடக்கே உள்ள சாளுவன்குப்பத்தில் நடந்த அகழாய்வில், செங்கல்லால் கட்டப்பட்ட பழமையான முருகன் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது.

பாறையே ஏடாக

கடற்கரைக் கோயிலிலிருந்து மேற்கே நடந்தால் ஊரின் நடுவே பெரும்பாறை ஒன்று எதிர்ப்படும். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அப்பாறை முகத்தில் தேவர், முனிவர், வேடர், நாகர், யானை, மான் எனப் பல உயிர்கள் ஒரு திசை நோக்கித் திரண்டு வருகின்றன. ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவர் அர்ச்சுனன் என்பர் சிலர். பகீரதன் என்பர் வேறு சிலர். பாறையின் நடுவே உள்ள இயற்கையான பிளவையே சிற்பிகள் ஆறாக மாற்றிக்கொண்டனர். குறையைக் கருவாக்கிய அந்த அறிவு பெரிது.

யானைகளின் பேருருவைப் பார்த்தவர்கள் அவற்றின் அருகே உள்ள பூனையைப் பார்க்காமல் போவதுண்டு. முன்னங்கால்களை உயர்த்தி அது தவம் செய்வதுபோல் நிற்கிறது. எலிகள் அதனை நம்பிச் சூழ்ந்துள்ளன. மற்றோரிடத்தில் மான் ஒன்று பின்னங்காலால் தன் முகத்தைச் சொறிகிறது. பெருங்காவியத்தின் நடுவே நகைச்சுவையையும் அன்றாட வாழ்வையும் செதுக்கியவர்கள் ஊன்றிப் பார்த்துப் பழகியவர்கள். நாமும் ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் விடுக்கும் அழைப்பு.

குன்றின் சரிவில் உருண்டுவிடுவதுபோல் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறை, வராக மண்டபம், மகிடாசுரமர்த்தினி குகை ஆகியவற்றைக் கண்டபின் முதல் நாளின் பகற்பொழுது நிறையும்.

முற்றுப்பெறாத தேர்கள்

இரண்டாம் நாள் காலையில் ஐந்து இரதங்களைக் காணச் செல்வோம். தருமராசன், வீமன், அர்ச்சுனன், திரௌபதி, நகுல சகாதேவர் என்னும் பெயர்கள் பிற்காலத்தில் வழங்கியவை. இவை கட்டப்பட்டவை அல்ல; நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிப் பெற்றவை. திரௌபதி இரதம் ஓலைக் கூரை வேய்ந்த குடில்போல் காட்சியளிக்கிறது. நகுல சகாதேவ இரதத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்துள்ளது; ஒப்பிட்டுக் காட்டுவதுபோல் அதன் அருகிலேயே கல்யானை ஒன்றும் நிற்கிறது.

தருமராசன் இரதத்தின் மேல்தளங்கள் நிறைவு பெற்றிருக்க, அடித்தளம் நிறைவு பெறவில்லை. இந்த முற்றுப்பெறாமை நமக்கு ஒரு பேறு. முடிந்த சிற்பம் அழகை மட்டும் காட்டும். முடியாத சிற்பம் உழைப்பைக் காட்டும். ஊரில் உள்ள முற்றுப்பெறாத குகைகளில், பாறையைச் சதுரங்களாகப் பிரித்து இடையே பள்ளம் வெட்டி, சதுரத்தைத் தட்டிப் பெயர்த்த தடங்கள் இன்றும் தெரிகின்றன. ஓர் உருவத்திற்கு முன்னால் எத்தனை ஆயிரம் உளியடிகள் விழுந்திருக்கும் என்பதை அங்கு நின்று எண்ணிப் பார்க்கலாம்.

உலகப் பாரம்பரியச் சின்னங்களாக 1984ஆம் ஆண்டு யுனெசுகோ இவற்றை ஏற்றது.

கடைவீதியில் கேட்கும் உளியோசை

ஐந்து இரதங்களிலிருந்து ஊருக்குத் திரும்பும் சாலையின் இருமருங்கிலும் சிற்பக்கூடங்கள் உள்ளன. ஓலைக் கொட்டகையின் கீழ் உளியோசையும் கல்வெட்டும் எந்திரத்தின் ஒலியும் கலந்து கேட்கின்றன. வாசலில் புத்தரும் பிள்ளையாரும் வள்ளுவரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். அம்மியும் ஆட்டுக்கல்லும் கூட அங்கு உண்டு.

இச்சிற்பக்கூடங்கள் அனைத்தும் பல்லவர் காலம் தொட்டுத் தொடர்ந்து வருபவை என்று கருதிவிடுதல் கூடாது. இன்று நாம் காணும் வளர்ச்சிக்குப் பெரிதும் வழிவகுத்தது, 1957ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் தமிழ்நாடு அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிறுவனம் ஆகும். அதுவே பின்னர் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய வை. கணபதி ஸ்தபதி, இந்நிறுவனத்தின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றியவர். ஒரு கலை தானாக நிலைப்பதில்லை. கற்பிக்க ஓர் இடமும் கற்றவருக்கு வாழ்வும் கிடைத்தால்தான் அது நிலைக்கும்.

மாமல்லபுரக் கற்சிற்பங்கள் 2017ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. இன்ன ஊரில் இன்ன மரபில் உருவான பொருள் என்பதற்குச் சட்டம் தரும் அடையாளமே புவிசார் குறியீடு.

தெரிந்து தெளிவோம்: கல் அறிதல்

கருங்கல்: மிகவும் கடினமானது. நகத்தால் கீற இயலாது. கோயில் சிற்பங்களும் பெரிய சிலைகளும் இக்கல்லால் ஆனவை.

மாக்கல்: மென்மையானது. நகம் பட்டாலே கோடு விழும். தொட்டால் வழவழப்பாக இருக்கும். ஒரு யானையின் வயிற்றுக்குள் மற்றொரு சிறு யானையைக் காட்டும் சாளர வேலைப்பாடு இக்கல்லில் எளிதில் அமையும்.

வார்ப்புப் பொருள்: கல்தூளைப் பசையுடன் கலந்து அச்சில் வார்ப்பது. ஒரே உருவம் சிறிதும் வேறுபாடின்றிப் பல எண்ணிக்கையில் இருந்தால் அது அச்சில் வார்த்ததாக இருக்கலாம். அடிப்பகுதியில் அச்சு இணைந்த கோட்டைத் தேடிப் பார்க்கலாம்.

தாலம்: சிற்பநூல் வழக்கில் முகத்தின் நீளமே ஒரு தாலம். உருவத்தின் உயரத்தைத் தாலக்கணக்கால் சிற்பிகள் வகுப்பர். பெருந்தெய்வ உருவங்களுக்கு உரிய உத்தம தசதாலத்தில் உயரம் 124 அங்குலக் கூறுகளாகப் பகுக்கப்படும். இங்கு அங்குலம் என்பது அளவுகோலின் அங்குலம் அன்று. அச்சிற்பத்திற்கே உரிய கூறு.

விலையும் மதிப்பும்

கடைக்குள் நுழைந்ததும் நம் நாவில் எழும் முதல் வினா, விலையைப் பற்றியதாகவே இருக்கிறது. அவ்வினாவைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, மாணவர் ஒருவர் சிற்பியிடம் இவ்வாறு உரையாடுவதாகக் கொள்வோம்.

“ஐயா, இது என்ன கல்?”

“கருங்கல் தம்பி. தட்டிப் பார், மணிபோல் ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஓசை கெட்டுவிடும்.”

“இதைச் செய்ய எத்தனை நாள் ஆயிற்று, ஐயா?”

“உருவம் எடுக்க எந்திரம் உதவும். அதில் நாள் குறையும். முகத்தைத் திறக்க உளிதான் வேண்டும். அங்கே அவசரப்பட்டால், மூக்கு நுனி போனால், மொத்தக் கல்லும் போயிற்று.”

இந்த விடை, விலையின் உட்பொருளை விளக்கிவிடுகிறது. ஒரு சிற்பத்தின் விலையில் கல்லின் விலை உண்டு; அதனை ஏற்றி வந்த வண்டிக் கூலி உண்டு; உளியைத் தீட்டும் செலவும் எந்திரத்திற்கு மின்கட்டணமும் உண்டு; கடை வாடகையும் விற்பவரின் ஊதியமும் உண்டு. இவற்றோடு சிற்பியின் நாட்கூலியும், உடைந்துபோன கல்லுக்கான இழப்பும் சேர வேண்டும். நாம் பேரம் பேசி விலையைக் குறைக்கும்போது, கல்லின் விலை குறைவதில்லை, வாடகை குறைவதில்லை. பெரும்பாலும் குறைவது உழைத்தவரின் பங்கே.

விலைச்சீட்டில் எழுதப்படாத செலவு ஒன்றும் உண்டு. கருங்கல்லை அறுக்கும்போது எழும் நுண்தூசியில் சிலிக்கா கலந்திருக்கிறது. பல்லாண்டுகள் அதனை மூச்சில் இழுப்பவருக்கு நுரையீரல் தழும்பேறும் சிலிக்கோசிசு என்னும் நோய் வரக்கூடும். ஒருமுறை ஏற்பட்ட தழும்பை மருத்துவத்தால் மாற்ற இயலாது; வராமல் காப்பதே வழி. அறுக்கும் இடத்தில் நீர் தெளித்தலும், தகுந்த முகக்கவசம் அணிதலும், காற்றோட்டமான கூடம் அமைத்தலும் தேவை. மலிவான சிலையைக் கண்டு மகிழும்போது, இவற்றுக்கெல்லாம் அவ்விலையில் இடம் இருக்கிறதா என்று நாம் எண்ண வேண்டும்.

இவ்வறம் விற்பவருக்கும் உரியது. பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடினார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் நடந்தனர் என்று அவர் போற்றுகிறார். மாக்கல்லைக் கருங்கல் என்றும், அச்சில் வார்த்ததைக் கையால் செதுக்கியது என்றும் கூறி விற்பது அம்மரபுக்கு மாறானது. வாங்குபவர் வினவுவதும் விற்பவர் உண்மை உரைப்பதும் சேர்ந்ததே நேரிய வணிகம். தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் குறித்த விலையைப் பார்த்துவிட்டுப் பிற கடைகளுக்குச் செல்வது, ஒப்பிட்டு அறிய உதவும்.

வாங்கக் கூடாதவை

கடற்கரைக் கடைகளில் சங்கும் சிப்பியும் முத்துமாலையும் கண்ணைக் கவரும். ஆயினும் கடலில் கிடைப்பவை எல்லாம் விற்பனைக்கு உரியவை அல்ல. பவளப்பாறைத் துண்டுகள், கடற்குதிரை, சில அரிய சங்கு வகைகள் ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுபவை. அவற்றை வாங்குவதும் குற்றமே.

பழங்காலச் சிலை என்று கூறி மறைவில் காட்டப்படும் பொருளையும் வாங்கக் கூடாது. நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்கீழ் வருவன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. கூற்று பொய்யானால் நாம் ஏமாறுகிறோம்; மெய்யானால் ஏதோ ஒரு கோயில் தன் சிலையை இழந்திருக்கிறது.

சீனம் வரை சென்ற வழி

மாலையில் கடைவீதியில் நடந்தால் பல நாட்டு மொழிகள் காதில் விழும். அயல்நாட்டவர் வருகை இப்பகுதிக்குப் புதிதன்று. மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில், பொ.ஆ. 640ஆம் ஆண்டையொட்டி, சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். பொ.ஆ. 720இல் இராசசிம்மன் சீனத்தின் தாங் அரசவைக்குத் தூது அனுப்பியதைச் சீன வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன.

2019ஆம் ஆண்டு அக்டோபர் 11, 12 ஆகிய நாள்களில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்திலும் அருகில் உள்ள கோவளத்திலும் சந்தித்தனர். நாம் நடந்த அதே வழியில் பாறைச் சிற்பத்தையும் ஐந்து இரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் கண்டனர். அன்று விருந்தினருக்கு வழங்கப்பட்டவை நாச்சியார்கோயில் அன்னவிளக்கும் தஞ்சாவூர் ஓவியமும் ஆகும். ஒரு நாட்டின் தலைவருக்குத் தரத் தகுந்த பரிசு, நம் ஊர்க் கைவினைஞரின் பட்டறையிலிருந்து சென்றது என்பது எண்ணத் தக்கது.

தமிழ்நாட்டிற்கும் சீனத்தின் புஜியன் மாகாணத்திற்கும் இடையே உறவை வளர்ப்பது பற்றியும் அச்சந்திப்பில் பேசப்பட்டது. அம்மாகாணத்துக் குவான்சோ, முற்காலத்தில் பெருந்துறைமுகமாக விளங்கிய நகரம். இன்று அங்குச் சுற்றுலா செல்லும் தமிழர், கையுவான் என்னும் பௌத்தக் கோயிலின் தூண்களில் நரசிம்மரையும் கண்ணனையும் காணலாம். பொ.ஆ. 1281இல் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் அந்நகரில் கிடைத்துள்ளது. அதன் இறுதி வரி சீன எழுத்தில் அமைந்துள்ளது. வணிகம் செய்யச் சென்ற தமிழர் அங்குச் சிவன் கோயில் எழுப்பியதற்கு அது சான்று. மரக்கலம் சுமந்து சென்றது சரக்கை மட்டும் அன்று. கல்லில் உருவம் காணும் கண்ணையும் அது சுமந்து சென்றது.

நம் ஊருக்கு வருவோர்

ஊர் திரும்பும்போது நம் பையில் ஒரு சிறு கற்சிற்பம் இருக்கலாம். ஒன்றும் வாங்காமலும் இருக்கலாம். வாங்கியிருந்தால், அது என்ன கல், யார் செய்தது, எவ்வாறு செய்தது என்று கேட்போருக்குச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றுப்படை காட்டும் அறமும் அதுவே: கண்டவர் காணாதவருக்கு உரைத்தல்.

மாமல்லபுரத்திற்குக் கல் அமைந்ததுபோல் காஞ்சிபுரத்திற்குப் பட்டும் பத்தமடைக்குப் பாயும் தஞ்சாவூருக்குத் தலையாட்டிப் பொம்மையும் அமைந்தன. நாம் வாழும் ஊரிலும் ஏதேனும் ஒரு கைத்தொழில் இருக்கக்கூடும். அதனை விலைக்கு வாங்க வருபவர், அதன் கதையை நம்மிடமே கேட்பார். அவருக்கு விடை கூற ஆயத்தமாவோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள கைவினைஞர் ஒருவரைக் கண்டு, மூலப்பொருள், கருவிகள், செய்முறை, ஆகும் நாள்கள் ஆகியவற்றைக் கேட்டுத் தொகுத்து ஒருபக்கக் கட்டுரையாக எழுதுக.

2. ஒரு கைவினைப் பொருளின் விலையில் அடங்கியுள்ள செலவுகளைப் பட்டியலிட்டு, உழைப்பவருக்குக் கிடைக்கும் பங்கு குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘பேரம் பேசுதல் வாங்குவோரின் உரிமையா?’ என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

4. உங்கள் ஊருக்கு முதன்முறையாக வரும் நண்பருக்கு, வரும் வழி, தங்குமிடம், காண்பவை, வாங்கத் தக்கவை ஆகியவற்றைக் கூறும் ஆற்றுப்படைக் கடிதம் ஒன்று வரைக.

மதிப்பீடு

குறுவினா
1. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் அடிப்படை அறம் யாது?
2. கருங்கல்லையும் மாக்கல்லையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?

சிறுவினா
1. ‘முடிந்த சிற்பம் அழகை மட்டும் காட்டும்; முடியாத சிற்பம் உழைப்பைக் காட்டும்’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. தமிழகத்திற்கும் சீனத்திற்கும் இடையே நிலவிய தொடர்புகளைச் சான்றுகளுடன் எழுதுக.

நெடுவினா
சுற்றிப் பார்த்தலும் பொருள் வாங்குதலும் ஓர் ஊரின் கலையை எவ்வாறு காக்க முடியும் என்பதை மாமல்லபுரத்தை முன்வைத்து விவரிக்க.